கழுவாமல் வைத்த டெஸ்ட் டியூப்கள்

பள்ளி ஆய்வகங்களுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

கிள்ளானில் உங்களுக்கு நடந்த பயிற்சியின் கடைசி நாளில் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மைக்கைக் கையில் கொடுத்ததும் "வணக்கம்" என்றேன். அதற்குமேல் வாய் திறக்கவில்லை. நீங்கள் மரியாதைக்காகக் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டல் வீட்டுக்கு வந்த பிறகும் உறுத்திக்கொண்டே இருந்தது. சொல்ல வந்ததைச் சொல்லாமல் வாங்கிய கைதட்டல் அது. அதனால் எழுதுகிறேன்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். கொஞ்ச காலம் கையுறைத் தொழிற்சாலையில் இருந்தேன். பிறகு ஓர் இடைநிலைப்பள்ளியில் பொது ஊழியர் வேலை கிடைத்தது. புல் வெட்ட வந்தவனை, ஆய்வகத்தில் ஆள் இல்லை என்று உள்ளே அனுப்பினார்கள். முழங்கால் வலியால் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது தலை பாதி நரைத்திருந்தது. கரைசல் கலப்பது, அமிலத்தைப் பூட்டி வைப்பது எல்லாம் உங்களுக்குப் படிப்பிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. எதை எப்போது செய்யாமல் இருக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

முதலில் ஒரு சின்னச் சம்பவம்.

எங்கள் பள்ளியில் ஒரு வேதியியல் டீச்சர் இருந்தார். தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ரயில்வே குடும்பத்தில் பிறந்தவர். தினமும் கம்யூட்டர் எனும் புறநகர் ரயிலில் கிள்ளானுக்கு வருவார். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் எப்போதும் ஒரு துணிப்பை. நான் ஆய்வகத்துக்கு வந்த புதிதில் இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான 'படிவம் ஒன்று' பிள்ளைகள் தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பநிலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் நூறு என்று எழுதிக் காட்டினார்கள். டீச்சர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அண்ணே, அந்த மேசையில உள்ள தெர்மாமீட்டரக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். தொண்ணூற்றாறில் நின்றது. அடுத்ததும் நூறைத் தொடவில்லை. எல்லாமே பழைய தெர்மாமீட்டர்கள்.

"பிள்ளைங்க தப்பா படிச்சிட்டாங்களா டீச்சர்?"

"இல்லண்ணே, படிக்கவே இல்ல. புத்தகத்துல நூறுன்னு இருக்கு, அத எழுதிட்டாங்க. நூறுன்னு எழுதுனா மார்க்கு. தொண்ணூத்தாறுன்னு எழுதுனா கேள்வி." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று முழுக்க அவர் நிலைகொள்ளவில்லை. ஓய்வு நேரத்தில்கூட ஒவ்வொரு தெர்மாமீட்டராக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். விடைத்திட்டத்தை எல்லாரும் 'ஸ்கீமா' என்பார்கள். ஸ்கீமாவில் என்ன இருக்கும் என்பது அவர்களுக்குப் பாடம் தொடங்கும் முன்பே தெரியும். பிறகு எதற்குக் கண்ணால் பார்க்க வேண்டும்? டீச்சருக்கும் அதுதான் கவலை. ஸ்கீமாவைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் டியூபைப் பார்க்க மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் அவர் ஓடிக்கொண்டே இருந்தார்.

இனி பெரிய சம்பவத்துக்கு வருகிறேன்.

பள்ளிப்படிப்பின் கடைசியில் வரும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வில் வேதியியல் செய்முறைத் தேர்வு. அந்த வாரம் கிள்ளானில் தண்ணீர் இல்லை. இது நமக்குப் புதிதில்லை. ஆற்றில் எவனோ எதையோ கொட்டினான் என்பார்கள், இல்லாவிட்டால் குழாய் வெடித்தது என்பார்கள். மூன்று நாள் வாளியோடு தண்ணீர் லோரிக்குக் காத்திருப்போம். அதனாலேயே இங்கே வளர்ந்த எவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. காலியாக ஒரு பாத்திரம் கண்ணில் பட்டால் போதும், கை தானாக அதில் தண்ணீரை நிரப்பிவிடும். இந்தப் பழக்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீர் எடுக்கும் இயந்திரத்துக்கும் ஓடும் குழாய்த் தண்ணீர் வேண்டும். குழாய் நின்றதால் அதுவும் நின்றது. கையிருப்பைக் கணக்குப் பார்த்து, மாணவர் மேசைகளில் இருக்கும் பீய்ச்சுப் பாட்டில்களில் பாதிப் பாதியாக ஊற்றி வைத்தோம். பிள்ளைகள் நான்கு குழுவாக மாறி மாறி எழுதுவார்கள், நான்குக்கும் அது போதும் என்றார் டீச்சர். பெற்றோர் சங்கத்திலிருந்து மினரல் வாட்டர் பெட்டிகள் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். அது குடிக்கவும் கை கழுவவும் மட்டும்.

தேர்வு நாளில் பாட ஆசிரியர் ஆய்வகத்துக்குள் வரக்கூடாது. டீச்சர் மண்டபத்தில் காத்திருக்கும் குழுக்களோடு இருந்தார். உள்ளே இருந்தவர் வேறு பள்ளியிலிருந்து வந்த தேர்வு அதிகாரி. மலாய்க்காரப் பெண்மணி, கண்டிப்பானவர். நான் பக்கத்திலுள்ள தயாரிப்பு அறையில் இருப்பேன். பொருள் ஏதாவது உடைந்தால் அவர் கூப்பிடுவார், நான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும். மாணவர்களிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. என்னைப் போன்றவனுக்கு அது சிரமமே இல்லை.

முதல் குழுவில் யுகேஸ்வரி இருந்தாள். காப்பாரிலிருந்து அப்பாவின் மோட்டார் சைக்கிளில் வருகிற பிள்ளை. அப்பா லோரி ஓட்டுநர். அவளுக்கு மருந்தாளராக ஆசை. அதற்குப் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் வேண்டும், அந்த இடத்துக்கு வேதியியலில் நல்ல ஏ வேண்டும். ஓய்வு நேரத்தில் வந்து நிற்பாள்.

"அங்கிள், நேத்து இந்தக் கலர் வேற மாதிரி இருந்துச்சே, ஏன்?"

"எனக்குத் தெரியாதும்மா. டீச்சரக் கேளு."

"டீச்சரக் கேட்டா அவங்க என்னைத் திருப்பிக் கேப்பாங்க."

வகுப்பில் அவளுக்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பட்டப்பெயர். வைத்தவன் பிரவீன். தேர்விலும் அவளுக்குப் பக்கத்து மேசை அவனுக்கு.

தேர்வு தொடங்கிப் பாதி நேரம் போயிருக்கும். அதிகாரி கூப்பிட்டார். யுகேஸ்வரிக்கு இன்னொரு டெஸ்ட் டியூப் வேண்டுமாம். கொண்டுபோனேன். அவள் அதில் பாட்டிலிலிருந்து வெறும் தண்ணீரைப் பீய்ச்சினாள். எது என்று கண்டுபிடிக்கக் கொடுத்திருந்த உப்பை அதில் போடவில்லை. வெள்ளி நைட்ரேட்டை ஒரு துளி விட்டாள். தண்ணீர் கஞ்சித் தெளிவுபோல வெளுத்தது.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அப்படித்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் கண் அந்த டியூபுக்கே போனது. வடித்த நீர் அப்படி வெளுக்கவே வெளுக்காது. ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இத்தனை வருடத்தில் அது வெளுத்து நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அவள் கையைத் தூக்கினாள். "புவான், தண்ணியே வெள்ளையாகுது," என்று மலாயில் சொன்னாள். 'புவான்' என்றால் மேடம்; மற்றதை இங்கே தமிழில் எழுதுகிறேன். அதிகாரி, "நான் எதுவும் சொல்ல முடியாது. நீ பார்ப்பதை எழுது," என்றார். அது சரியான பதில். விதியும் அதுதான். யுகேஸ்வரி தாளைப் பார்த்தாள். ஏற்கெனவே எழுதிய எதையோ அடித்தாள். பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றது. நான் அறைக்குத் திரும்பினேன். உட்கார முடியவில்லை. நின்றால் முழங்கால் வலித்தது. அப்படியும் நின்றேன்.

நேரம் முடிந்தது. மாணவர்களை வெளியே கூட்டிப்போனார்கள். அடுத்த குழு வருவதற்குள் மேசைகளைத் துப்புரவாக்கி, டியூப்களைக் கழுவிப் புதிதாக அடுக்க வேண்டும். நம் வேலையே அதுதான். தாங்கிகளை எல்லாம் தள்ளுவண்டியில் ஏற்றித் தயாரிப்பு அறைக்குக் கொண்டுவந்தேன். தொட்டியில் கவிழ்க்கப் போன கை நின்றுவிட்டது.

எல்லாத் தாங்கியிலும் ஒரு டியூப் வெளுத்திருந்தது. யுகேஸ்வரியுடையதில் மட்டுமில்லை. பிரவீனுடையதிலும், அவனுக்கு அடுத்த பையனுடையதிலும். ஆனால் உள்ளே ஒருத்திதான் கை தூக்கினாள்.

அப்போது துணைத் தலைமையாசிரியர் வேகமாக உள்ளே வந்தார். புவியியல் ஆசிரியர், நல்ல மனிதர். தண்ணீர் வெட்டு நாட்களில் கால்சட்டையை மடித்துக்கொண்டு தானே வாளி தூக்குவார்.

"என்னண்ணே, இன்னும் கழுவலையா? தண்ணி வேணுமா? இன்னும் நாலு பெட்டி மினரல் வாட்டர் இருக்கு."

"கழுவல சார்."

"கழுவலன்னா? அடுத்த குரூப் வாசல்ல நிக்குது லா!"

"தெரியும் சார்."

"காலையில பாத்தேன், பாட்டில் எல்லாம் பாதிதான் இருந்துச்சு. பிள்ளைங்க பாவம்னு நானே எல்லாத்தையும் ரொப்பி வச்சேன். இந்த வாட்டியும் ரொப்பணும். சீக்கிரம் முடிங்க."

எதை வைத்து ரொப்பினார் என்று நான் கேட்கவில்லை. அவர் கக்கத்தில் ஒரு மினரல் வாட்டர் பாட்டில் இருந்தது.

தம்பி தங்கைகளே, அந்த இடத்தில் என் நிலையை நினைத்துப் பாருங்கள். அவர் எனக்கு மேலதிகாரி. நான் அவருக்கு எதிராக ஒரு வாக்கியம்கூடப் பேசியதில்லை. வெளியே பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். தாமதமானால் பள்ளிக்குத்தான் கெட்ட பெயர். கழுவிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. டியூப் சுத்தமாகிவிடும், யாரும் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு பெண் பிள்ளையின் தாளில் மட்டும் மற்றவர்களோடு ஒட்டாத ஒரு வரி இருக்கும். திருத்துபவர் அதைத் தவறு என்று அடித்துவிட்டுப் போவார்.

இன்னொரு அவசரமும் இருந்தது. அந்த வெள்ளை வெளிச்சத்தில் நிற்காது. வெயில் பட்டால் சாம்பலாகக் கறுத்துவிடும். தள்ளுவண்டி நேராக ஜன்னல் வெயிலில் நின்றது. நான் சாருக்குப் பதில் சொல்லாமல் போய்த் திரைச்சீலையை இழுத்து மூடினேன்.

"அண்ணே, வெளையாடுறீங்களா?" சாரின் குரல் உயர்ந்தது.

சத்தம் கேட்டு அதிகாரி வந்தார். தாள்களை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். ஏன் மேசைகள் இன்னும் தயாராகவில்லை என்று கேட்டார். என் மலாய் அந்த நேரத்தில் எங்கோ ஓடிப்போயிற்று. கடைசியில் ஒன்றுதான் வந்தது.

"புவான், முதல்ல இந்த டியூப்களப் பாருங்க. அப்புறம் தாளப் பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். தாங்கிகளைப் பார்த்தார். ஒவ்வொரு தாங்கியாகக் குனிந்து பார்த்தார். பிறகு அங்கேயே நின்று தாள்களைப் புரட்டினார். அவர் முகம் மாறுவது தெரிந்தது. ஒரே ஒரு தாளைத் தவிர எல்லாவற்றிலும் அந்தச் சோதனைக்கு நேராக 'மாற்றமில்லை' என்று எழுதியிருந்தது. அந்த ஒன்றில், வெறும் தண்ணீரே வெளுக்கிறது என்று இருந்தது.

டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். டீச்சர் வந்து மேசைப் பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீர் எடுத்து, ஒரு துளி விட்டார். வெளுத்தது. சாரின் முகமும் வெளுத்தது.

"மினரல் வாட்டர் டீச்சர்! குடிக்கிற தண்ணி! கொழாத் தண்ணியவிடச் சுத்தம்!"

"குடிக்கலாம் சார். கேள்விக்குப் பதில் சொல்ல வைக்கத்தான் முடியாது," என்றார் டீச்சர். "குளோரைடு இருக்கான்னு கேட்டா, ஆமா இருக்குன்னு இந்தத் தண்ணியே சொல்லிடும்."

பிறகு டீச்சர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கொடுத்த உப்பில் குளோரைடு இல்லை, அதனால் அந்தச் சோதனையில் வெள்ளை வரக்கூடாது. ஸ்கீமாவில் 'மாற்றமில்லை' என்றுதான் இருக்கும். பிள்ளைகளுக்கு இன்னொரு சோதனையில் முதலிலேயே விடை கிடைத்துவிட்டது. ஓர் உப்புக்கு ஒரு விடைதான் என்று படித்தவர்கள். இங்கேயும் வெளுத்ததும், ஏதோ கை தவறிவிட்டது என்று நினைத்து, வரவேண்டியதை எழுதிவிட்டார்கள். டியூப் வெள்ளையாக இருக்க, தாளில் மாற்றமில்லை. அவர்களுக்கு மார்க் கிடைக்கும். கண்ணால் கண்டதை எழுதியவளுக்குத்தான் கிடைக்காது.

இதைச் சொல்லி முடித்ததும் டீச்சர் அந்தத் தாங்கிகளை இன்னொரு தடவை பார்த்தார். அவர்தானே அந்த ஸ்கீமாவைச் சொல்லிக்கொடுத்தவர். ஆனால் அங்கே நின்று வருத்தப்பட நேரமில்லை. மூன்று குழுக்கள் காத்திருந்தன. நல்ல தண்ணீர் கைவசம் இல்லை.

"சார், எதிர்ல மோட்டார் ஒர்க்ஷாப் இருக்குல்ல? பேட்டரித் தண்ணி வாங்கிட்டு வாங்க."

"பேட்டரித் தண்ணியா?"

"அதுவும் வடிச்ச தண்ணிதான் சார். ஓடுங்க!"

சார் ஓடினார். அந்த வயதில், மடித்த கால்சட்டையோடு, சாலையைக் கடந்து ஓடினார். பையன் யாரையும் அனுப்பவில்லை, காரை எடுக்கவில்லை. இரண்டு கையிலும் பாட்டில்களோடு மூச்சிரைக்க வந்து, "எதையும் ரொப்ப மாட்டேன், நீங்களே ரொப்புங்க," என்று தரையில் வைத்தார். டீச்சர் ஒவ்வொரு பாட்டில் தண்ணீரிலும் வெள்ளி நைட்ரேட்டை ஒரு துளி விட்டுப் பார்த்தார். தெளிவாகவே இருந்தது. மற்ற குழுக்கள் தாமதமாக எழுதினாலும் ஒழுங்காக எழுதி முடித்தன.

முதல் குழுவைத் திரும்ப எழுத விடலாமா என்று அதிகாரி மேலிடத்துக்குத் தொலைபேசியில் கேட்டார். வாங்கிய தாளைத் திருப்பிக் கொடுக்க முடியாது, அறிக்கை எழுதுங்கள் என்றார்கள். எழுதினார். போகும்போது எங்களிடம் சொன்னார்: "என்னால் தாளையும் அறிக்கையையும்தான் அனுப்ப முடியும். டியூபை அனுப்ப முடியாது. முடிவு வரும்வரை மாணவர் யாரிடமும் இதைப் பேச வேண்டாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "கழுவாமல் வைத்தீர்களே," என்றார். அது பாராட்டா வெறும் வியப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தாள் திருத்துபவரிடம் போகும். டியூப் நம்மிடம் வரும். பிள்ளைகள் உண்மையில் என்ன பார்த்தார்கள் என்பதைக் கடைசியாகப் பார்க்கிற ஆள் நாம்தான். யாரையும் பிடித்துக் கொடுப்பதற்காகச் சொல்லவில்லை. கழுவுவதற்கு முன் ஒரு நிமிடம் கண்ணால் பாருங்கள். ஏதாவது சரியில்லை என்று பட்டால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். விளக்கம் சொல்லத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தெரிந்தவர் வரும்வரை அது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தேர்வு முடிவு வரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் காப்பார் சாலையில் ஒரு கடையில் யுகேஸ்வரியைப் பார்த்தேன். அவள் அருகில் வந்து, "அங்கிள், அன்னைக்கு என் தண்ணி மட்டுந்தான் அப்படி இருந்துச்சாம். பிரவீன் சொன்னான், 'எனக்கெல்லாம் வரல, உன் கைதான் சரியில்ல இன்ஸ்பெக்டர்'னு," என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. சொல்லக்கூடாது என்று உத்தரவு. நான் "முடிவு வரட்டும்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு வாங்க வந்த சாமானையே மறந்து வீட்டுக்கு வந்தேன்.

முடிவு நாளன்று எப்போதும் ஆய்வகத்தை விட்டு வெளியே வரமாட்டேன். கூட்டம், அழுகை, படம் எடுப்பது எல்லாம் எனக்கு ஒத்து வராது. அன்று போனேன். யுகேஸ்வரி சுவரோரமாக நின்றிருந்தாள்.

"வேதியியல்?"

"ஏ மைனஸ், அங்கிள்."

"மெட்ரிக்?"

"தெரியல. மனு போட்டுப் பாக்கணும்."

அந்த மைனஸ் அந்த ஒரு வரியாலா, வேறெதனாலா, அறிக்கையை யாராவது படித்தார்களா, யாருக்கும் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"அன்னைக்கு டியூப் எல்லாத்தையும் நான்தான் எடுத்தேன்மா. எல்லாமே வெள்ளை."

"எல்லாருதுமா?"

"எல்லாருதும். பாட்டில்ல மினரல் வாட்டர் கலந்துபோச்சு. உன் கைக்கு ஒண்ணுமில்ல."

அவள் கையிலிருந்த முடிவுத் தாளை மடித்தாள். பிறகு நேராகப் பிரவீனும் மற்றவர்களும் நின்ற இடத்துக்குப் போனாள். அவள் என்ன கேட்டாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவன் சொன்னது கேட்டது.

"மார்க்கு கெடச்சிச்சுல்ல? விடு லா!"

அவள் திரும்பி வந்தாள். "அங்கிள், லேப் தொறந்திருக்கா?"

நான் டீச்சரைப் பார்த்தேன். பெற்றோர் கூட்டத்துக்கு நடுவே நின்றிருந்த அவர் தலையசைத்தார்.

பிரவீனையும் இன்னும் சில பேரையும் அவள் ஏறக்குறைய இழுத்துக்கொண்டுதான் வந்தாள். அவன் கையிலிருந்த மினரல் வாட்டர் பாட்டிலையே வாங்கி, ஆளுக்கு ஒரு டியூபில் ஊற்றினாள். நான் வெள்ளி நைட்ரேட்டை எடுத்துக் கொடுத்தேன். "ஒரு துளி போதும்," என்றாள். ஒவ்வொருவராக விட்டார்கள். எல்லாம் வெளுத்தன. யாரும் கேலி பேசவில்லை.

பிரவீன் தன் டியூபை வெளிச்சத்துக்குத் தூக்கி நெடுநேரம் பார்த்தான்.

"ஆமா," என்றான். "அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

யுகேஸ்வரி வெள்ளி நைட்ரேட் பாட்டிலை மூடி என்னிடம் கொடுத்தாள். வெளியே அவள் அப்பாவின் மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்தது. எல்லாரும் போய்விட்டார்கள். நான் தாங்கியைத் தொட்டிக்குக் கொண்டுபோய், ஒரு தடவை பார்த்துவிட்டு, குழாயைத் திறந்தேன். தண்ணீர் வந்தது. கழுவினேன்.